வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பொய் சொன்னால்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் வைரஸ் பற்றியதாகத்தான் இருக்கும். "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வைரஸ் என்பது யாரோ ஒரு திருடன் எழுதிய புரோகிராம். கடையில் பணம் கொடுத்து, பில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டு வந்த பொருளுக்குள்ளேயே, அதைத் தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு வேலையைச் செய்யும் புரோகிராமை எழுதி வைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? அதை எந்த ஆன்டிவைரஸும் பிடிக்காது. அது அந்தப் பொருளின் சொந்த சாஃப்ட்வேர் அல்லவா!

அப்படிப்பட்ட சாஃப்ட்வேர் பற்றியும், அதை எழுதுகிறவரின் பொறுப்பு பற்றியும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எழுதுகிறவர் என்றால் என்னைப் போன்றவர். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். ஓசூரில் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றாலே, காலையில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் வேலை எல்லைக்கு இந்தப் பக்கம். இரு சக்கர வண்டிகளின் டிஸ்ப்ளேக்கு, அதாவது ஸ்பீடு, பேட்டரி, மீதி தூரம் எல்லாம் காட்டும் அந்தச் சின்னத் திரைக்கு, புரோகிராம் எழுதும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்?

ஒன்று என்று சொல்வீர்கள். மேசை மேல் இருப்பதை மட்டும் எண்ணியிருப்பீர்கள். வாசலில் நிற்கும் வண்டியையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தபோது அதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதை கார்புரேட்டரில் இருக்கும் ஜெட், ஸ்க்ரூ முதலியவை பார்த்துக்கொண்டன. வண்டி சரியாக ஓடவில்லை என்றால் மெக்கானிக் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புவார், சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், மீண்டும் கால் சுற்று திருப்புவார். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதோடு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. டிவிஎஸ் 50-ன் வழியில் வந்த எக்ஸ்எல் 100-லும் இப்போது அதுதான். தேங்காய் மூட்டை ஏற்றிப் போகிற அந்த வண்டியிலும் ஒரு சிறு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு இசியு என்று பெயர். மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. இன்ஜினின் சூடு, காற்றின் அளவு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பவற்றை சென்சார்கள் சொல்லும். அதைப் பார்த்து எத்தனை துளி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் இசியு முடிவு செய்யும்.

முடிவு செய்வது இசியு என்று சொல்வது வழக்கம். உண்மையில் அந்த முடிவை என்றோ ஒரு நாள், ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, ஒரு இன்ஜினியர் எடுத்துவிட்டார். இசியு அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எழுதுவது சோர்ஸ் கோட். ஓரளவு ஆங்கிலம் போல இருக்கும், தெரிந்தவர் படிக்கலாம். அதை கம்பைலர் என்ற புரோகிராம் வெறும் 0, 1 எண்களாக மாற்றிவிடும். வண்டியில் போவது இந்த எண்கள் மட்டும்தான். இட்லி மாவு அரைத்த பிறகு அதில் எத்தனை ஆழாக்கு உளுந்து போட்டார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும். சோர்ஸ் கோட் கம்பெனியிடம் இருக்கும். வாங்குகிறவரிடம் மாவு மட்டும்தான். ஸ்க்ரூ திருப்பிய மெக்கானிக்கை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களே, அந்த வசதி இதில் இல்லை.

ஃபோக்ஸ்வேகன் செய்த காரியம்

இந்த இடத்தில்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அதில் நம் பக்கத்து ஆட்கள் இருவருக்கும் பங்கு உண்டு.

டீசல் இன்ஜின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற வாயுக்கள் இருக்கின்றன. நுரையீரலுக்குக் கெடுதல். அவற்றைக் குறைக்கும் கருவிகள் காரில் உண்டு. ஆனால் அவற்றை முழு அளவில் வேலை செய்ய வைத்தால் டீசல் அதிகம் செலவாகும், சில பாகங்கள் சீக்கிரம் தேயும். அமெரிக்காவில் விதி கடுமையானது. கிலோமீட்டருக்கு 0.043 கிராமுக்கு மேல் இந்த வாயு வரக்கூடாது. விதியையும் காப்பாற்ற வேண்டும், மைலேஜும் வேண்டும், விலையும் ஏறக்கூடாது என்றால் இன்ஜினியர் என்ன செய்வார்?

அரசு அதிகாரிகள் புகையை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும். நம் ஊர் ரோட்டோரத்தில் வேனில் வைத்துச் செய்யும் புகைச் சோதனை இல்லை இது. (அந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். டீசல் என்றால் புகையின் அடர்த்தி.) புதிய மாடல் காரை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. எந்த நிமிடத்தில் எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரே ஒரு அட்டவணை. எல்லா கார்களுக்கும் அதே அட்டவணைதான். ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

ஃபோக்ஸ்வேகன் இன்ஜினியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வேகம், எவ்வளவு நேரமாக ஓடுகிறது, ஸ்டீயரிங்கின் நிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, "இப்போது நம்மைச் சோதிக்கிறார்கள்" என்று சாஃப்ட்வேரே தெரிந்துகொள்ளும்படி எழுதினார்கள். புரிவதற்காகத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும் (இது நான் எழுதியது, அவர்களுடைய கோட் அல்ல):

வண்டி சோதனை அட்டவணைப்படி ஓடுகிறது என்றால்: புகையை முழுதாகச் சுத்தம் செய்.
இல்லாவிட்டால்: கொஞ்சமாகச் சுத்தம் செய், போதும்.

இரண்டே வரிகள். புரோகிராமிங் படிக்கும் மாணவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் 'இஃப், எல்ஸ்' தான். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இது போனது.

கண்டுபிடித்தது யார்? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறிய குழு. டான் கார்டர் என்பவர் தலைமை. ரோட்டில் காரை ஓட்டிச் சோதித்தவர்களில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். சென்னைக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். இன்னொருவர் ஹேமந்த் கப்பண்ணா, பெங்களூருக்காரர். மூன்றாமவர் மார்க் பெஷ். ஓசூர் டீக்கடையில் நின்று பார்த்தால் ஒருவர் ஊர் கிழக்குப் பக்கம், ஒருவர் ஊர் மேற்குப் பக்கம். இந்தக் கதையை எங்கள் ஆபீஸில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.

2013-ல் அவர்கள் செய்தது பெரிய மாயம் ஒன்றுமில்லை. புகையை அளக்கும் கருவியைக் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டினார்கள். ஒரு பஸாட் காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள். ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வேகனை மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. டீசல் கார் சுத்தமானது என்று காட்டப் போனவர்கள்தான். வந்த எண்ணைப் பார்த்துக் கருவியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். ஜெட்டா காரில் அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு. பஸாட்டில் 5 முதல் 20 மடங்கு. அதே கார்கள் ஆய்வுக்கூட உருளைமேல் நல்ல பிள்ளையாகத் தேறின. கூடவே சோதித்த பிஎம்டபிள்யூ கார் ரோட்டிலும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

2014 மே மாதம் அறிக்கை வெளியானது. கலிஃபோர்னியா காற்று வாரியம் கேள்வி கேட்கத் தொடங்கியது. ஒரு வருடத்துக்கும் மேல் ஃபோக்ஸ்வேகன் சாக்குச் சொன்னது. கடைசியில் 2015 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இங்கும் அதே வகை இன்ஜின் கொண்ட கார்கள் விற்றன. புணேயில் உள்ள ஏஆர்ஏஐ சோதனை நிறுவனம் ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில் பிஎஸ் 4 அளவைப்போல 1.1 முதல் 2.6 மடங்கு வரை புகை வந்தது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றிலும் சேர்த்து 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து சாஃப்ட்வேரை மாற்றுவதாகக் கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது, அது கட்டாய நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது. ஒரு நல்லது நடந்தது. பிஎஸ் 6-ல் கார்களை ரோட்டில் ஓட்டியும் அளக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் அந்தச் சோதனையிலும் தேற வேண்டும்.

"யாரோ இரண்டு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள்"

எனக்கு இந்த விவகாரத்தில் அபராதத் தொகைகளைவிட முக்கியமாகப் படுவது வேறு. விஷயம் வெளியானதும், 2015 அக்டோபரில், ஃபோக்ஸ்வேகனின் அமெரிக்கத் தலைவர் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். கம்பெனி இப்படி முடிவெடுக்கவில்லை, ஒன்றிரண்டு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் செய்த வேலை என்ற பொருள்படப் பேசினார். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பின்னால் கம்பெனியே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட விவரங்கள் வேறு கதை சொல்கின்றன. 2006-லேயே சில இன்ஜினியர்கள் இது முறையா என்று ஆட்சேபித்திருக்கிறார்கள். தொடருங்கள், மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் மேலிருந்து வந்த பதில். எழுதினார்கள்.

இதில் இன்னொரு கட்டம் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. விற்ற கார்கள் சிலவற்றில் பாகங்கள் பழுதாகி சர்வீஸுக்கு வந்தன. ரோட்டில் ஓடும்போதும் கார் சில நேரம் "சோதனை" என்று நினைத்துக்கொண்டு முழுச் சுத்தத்தில் ஓடுகிறதோ, அதனால்தான் பாகங்கள் தேய்கின்றனவோ என்று இன்ஜினியர்கள் சந்தேகப்பட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று பார்க்கும் வசதியைச் சேர்த்துப் பொய்யை இன்னும் கூர்மையாக்கினார்கள். அதை, 2014-ல், வாடிக்கையாளரின் காரைச் சீர்செய்யும் அப்டேட் என்று சொல்லி ஏற்றினார்கள். காரை நம்பி சர்வீஸுக்கு விட்டவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஜேம்ஸ் லியாங் என்ற இன்ஜினியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1983 முதல் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 2017 ஆகஸ்டில் டெட்ராய்ட் நீதிமன்றம் அவருக்கு 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. அரசுத் தரப்பு கேட்டதைவிட இது அதிகம். மேலே இருந்தவர்களும் முழுதாகத் தப்பவில்லை. ஆலிவர் ஷ்மிட் என்ற அதிகாரிக்கு அதே ஆண்டு டிசம்பரில் 7 வருடம் கிடைத்தது. ஜெர்மனியில் 2025 மே மாதம் நான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, இருவருக்குச் சிறை. ஆனால் மேலதிகாரி சொன்னார், நான் எழுதினேன் என்பது லியாங்கைக் காப்பாற்றவில்லை.

வேறு மாதிரி நடந்துகொண்ட ஒருவரும் அதே கம்பெனியில் இருந்தார். 2015 ஆகஸ்டில், சொல்லக்கூடாது என்று மேலிடம் உத்தரவிட்டிருந்தும், ஒரு ஊழியர் கலிஃபோர்னியா அதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு மறைக்க வழி இல்லாமல் போயிற்று.

சொன்னவர்களுக்கெல்லாம் மாலை மரியாதை கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு ஹேமந்த் கப்பண்ணா பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 2019-ல் அந்தக் கம்பெனி சுமார் 4,000 பேரைக் குறைத்தபோது அவர் வேலையும் போயிற்று. இதற்கும் புகை விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. விசா முடிந்து அவர் பெங்களூருக்கே திரும்பி வந்தார்.

டாக்டர் தவறு செய்தால் மருத்துவ கவுன்சில் இருக்கிறது. வக்கீலுக்கு பார் கவுன்சில். சாஃப்ட்வேர் எழுத நம் நாட்டில் எந்தப் பதிவும், லைசென்ஸும் தேவையில்லை. நான் கேம்பஸ் இன்டர்வியூவில் தேறினேன், அடுத்த மாதம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஏசிஎம், ஐஈஈஈ கம்ப்யூட்டர் சொசைட்டி என்ற இரண்டு சர்வதேச சங்கங்கள் சேர்ந்து 1999-ல் சாஃப்ட்வேர் இன்ஜினியர்களுக்கு ஒரு நெறிமுறை வகுத்தன. எட்டுப் பிரிவுகள். அதில் முதல் பிரிவு பொதுமக்களின் நலன். வாடிக்கையாளரும் முதலாளியும் இரண்டாவதாகத்தான் வருகிறார்கள். நல்ல நெறிமுறை. நான் படித்த கல்லூரியில் 'புரொஃபஷனல் எதிக்ஸ்' என்று ஒரு பேப்பரே இருந்தது. அதில் நல்ல மார்க் வாங்கினேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்து வாங்கிய மார்க்.

மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில்

கார் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2005-ல் சோனி பிஎம்ஜி கம்பெனி சில பாட்டு சிடிகளை விற்றது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாட்டுக் கேட்க முயன்றால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஒரு புரோகிராம் விண்டோஸுக்குள் புகுந்து தன்னையே ஒளித்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தன் கம்ப்யூட்டரிலேயே அதைக் கண்டுபிடித்து அந்த வருடம் அக்டோபர் 31-ல் வெளியிட்டார். சில நாட்களில் வைரஸ் எழுதுகிறவர்கள் அதே ஒளிவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சிடிகளைக் கம்பெனி திரும்பப் பெற்றது. திருடனைப் பிடிக்கிறேன் என்று வீட்டுக்காரன் சுவரில் ஓட்டை போட்ட கதை.

இன்று அவ்வளவு முரட்டுத்தனம் குறைவு. ஆனால் நீங்கள் வாங்கிய புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 முதன்முதலாகத் தொடங்கும்போது இருப்பிடம், பயன்பாட்டு விவரம், விளம்பர அடையாளம் என்று சில சுவிட்சுகளைக் காட்டும். பெரும்பாலும் எல்லாம் ஏற்கெனவே 'ஆன்' நிலையில் இருக்கும். அவசரத்தில் 'அக்செப்ட்' கிளிக் செய்திருப்பீர்கள். இப்போதும் செட்டிங்ஸ் திறந்து 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை 'ஆஃப்' செய்யலாம். பத்து நிமிட வேலை. அந்தச் சுவிட்ச் ஏன் முதலிலேயே ஆனில் இருக்கிறது? அதுவும் யாரோ எடுத்த முடிவுதான்.

என் கதை

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என்னை விட்டுவிட்டால் சரியாக இருக்காது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் டிஸ்ப்ளேயில் 'இன்னும் இத்தனை கி.மீ. போகலாம்' என்று ஒரு எண் தெரியும். இதைக் கணக்கிடுவது எளிதல்ல. பேட்டரியில் மீதி எவ்வளவு என்பது ஒரு கணிப்பு. அதை வைத்து எத்தனை கிலோமீட்டர் போகும் என்பது இன்னொரு கணிப்பு. கடைசி சில கிலோமீட்டரில் எவ்வளவு கரண்ட் செலவானது என்று பார்த்து, அதே வேகத்தில் செலவானால் இவ்வளவு தூரம் என்று முதலில் எழுதியிருந்தேன். மேடு ஏறினால் எண் சட்டென்று குறையும், இறக்கத்தில் ஏறும். எங்களிடம் டிஸ்ப்ளே வாங்கும் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. எண் குதிக்கிறது, ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பவர்கள் பயப்படுகிறார்கள் என்றார்கள். சமதள ரோட்டில் ஒரே ஒருவர் நிதானமாக ஓட்டியபோது கிடைத்த சராசரியை நிரந்தரமாக வைத்துக் கணக்கிடச் சொன்னார்கள். எண் குதிக்காது, அதிகமாகவும் தெரியும்.

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் தப்பு, மேடு வந்தால் தப்பு. டீம் லீடரிடம் ஒரு முறை சொன்னேன். "ஸ்பெசிஃபிகேஷன் அவங்களோடது, நாம சப்ளையர்" என்றார். ஒரு மதியத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாற்றியது மூன்று வரி.

என் தாய்மாமாவுக்குக் கோபசந்திரம் பக்கம் ரோஜாத் தோட்டம். சென்ற வருடம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன். ஓசூரிலிருந்து அத்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது 20 கி.மீ. என்று காட்டியிருக்கிறது; வீட்டுக்கு அது தாராளம். பேரண்டப்பள்ளிக் காட்டுப் பக்கம் வந்தபோது 9 காட்டியதாம். பிறகு மளமளவென்று இறங்கி வண்டி நின்றுவிட்டது. அந்த இடம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சானமாவுக் காட்டு யானைகள் ரோட்டைக் கடக்கும் பகுதி. நான் நண்பனின் வேனை எடுத்துக்கொண்டு போய்ச் சேரும்வரை முக்கால் மணி நேரம் இருவரும் லாரி வெளிச்சத்தில் ரோட்டோரம் நின்றிருந்தார்கள்.

வண்டியை வேனில் ஏற்றும்போது மாமா சொன்னார்: "நீ வேலை செய்யற கம்பெனி மீட்டர்தானே மாப்ளே, அதான் 20-ன்னு காட்டினதும் நம்பிக் கிளம்பிட்டேன்."

வீட்டுக்குப் போனதும் சார்ஜர் போட்டு, டிஸ்ப்ளேயில் வெர்ஷன் நம்பரைப் பார்த்தேன். நான் மாற்றிக் கொடுத்த வெர்ஷன்தான். அன்றைக்கு மாமாவிடம் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அத்தைதான், "தெரிஞ்சேவா செஞ்சே?" என்று ஒரு முறை கேட்டார்கள்.

இந்த முறை வாயால் சொல்லாமல், மாமா வண்டியின் பதிவுகளை எடுத்து, காட்டிய தூரம், போன தூரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, டீம் லீடருக்கும் டெஸ்டிங் பிரிவுக்கும் மெயில் அனுப்பினேன். மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் உண்மையான செலவை வைத்துக் கணக்கிட வாங்கும் கம்பெனி ஒப்புக்கொண்டது. 20-க்கு மேலே பழையபடிதான்.

அப்டேட்டுடன் வாடிக்கையாளருக்குப் போகும் குறிப்பை எழுதச் சொன்னார்கள். மீதி தூரம் முன்பு அதிகமாகக் காட்டப்பட்டது, 20 சதவீதத்துக்குக் கீழே அது இப்போது திருத்தப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். மாமாவின் போனில் வந்தபோது அது 'செயல்பாடு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று இருந்தது. ஃபோக்ஸ்வேகன் வாடிக்கையாளர்கள் 2014-ல் என்ன வாசகத்தைப் படித்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

மாமாவுக்குப் போன் செய்து உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மேலே காட்டற எண்ணு?" என்றார். அது இன்னும் அப்படியே இருக்கிறது, கேட்டிருக்கிறேன் மாமா என்றேன். அவர் இப்போது 60 என்று காட்டினால் 40 என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்புகிறார். என் கோரிக்கை எங்கள் வேலைப் பட்டியலில் 'பிறகு பார்க்கலாம்' என்ற பகுதியில் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமை மீட்டிங்கிலும் அதைப் பற்றிக் கேட்கிறேன்.